‘நல்லா இருக்கீங்களா?’ என்று அவளைக் கேட்டால்

அவளிடம் மட்டும் ‘நல்லா இருக்கீங்களா’ என்று கேட்டுவிடாதீர்கள் என்று, புதிதாக வேலைக்குச் சேரும் ஆசிரியைகளிடம் நாங்களே சொல்லி வைப்போம். கேட்டால் பதில் சொல்லிவிடுவாள். அவளிடம் இருந்த ஒரே தொந்தரவு அதுதான். மற்றபடி தங்கமான பெண்.

நாமெல்லாம் அந்தக் கேள்விக்கு என்ன செய்கிறோம்? ‘நல்லா இருக்கேன்’ என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறோம். கேட்டவரும் நிற்பதில்லை, சொன்னவரும் நிற்பதில்லை. பாலக்கரைப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பெண்கள் பள்ளி ஒன்றில் நான் கணக்கு டீச்சர். தலை நரைத்து ஓய்வு பெறும்வரை அங்கேதான் காலம் தள்ளினேன். எங்கள் ஆசிரியைகள் அறையில் களைப்பில்லாத ஒருத்தியைக்கூட நான் பார்த்ததில்லை. விடியுமுன் எழுந்து, இரண்டு அடுப்பு பற்றவைத்து, டப்பா கட்டி, பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தவர்கள். வந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாகச் செருப்பைக் கழற்றிக் காலைப் பார்ப்பார்கள். ஆனால் கேட்டுப் பாருங்கள், அத்தனை பேரும் நல்லாத்தான் இருந்தோம்.

அவள் மருங்காபுரிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். திருவானைக்காவலில் வாழ்க்கைப்பட்டு, எங்கள் பள்ளிக்குச் சமூக அறிவியல் எடுக்க வந்தாள். நெடுநெடுவென்று உயரம். வரப்பில் நடக்கிறவள்போலக் காலை எட்டி வைத்து வராண்டாவில் நடப்பாள். குரலை அடக்கத் தெரியாது. பெயரைச் சொன்னால் அவள் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டாள். எனக்குத்தான் மனம் வரவில்லை.

சேர்ந்த முதல் வாரத்தில் ஒருநாள் காலை, தலைமையாசிரியை சிஸ்டர் எதிரே வந்தவர் வழக்கம்போல, “நல்லா இருக்கியாம்மா?” என்று கேட்டுக்கொண்டே தாண்டிப் போனார்.

“இல்ல சிஸ்டர்” என்றாள் அவள்.

சிஸ்டர் நின்றுவிட்டார். அந்தக் கேள்விக்கு அப்படி ஒரு பதிலை அவர் அதற்குமுன் கேட்டிருக்க மாட்டார்.

“இன்னிக்கு பீரியட்ஸ் ரெண்டாவது நாள் சிஸ்டர். இடுப்பு விட்டுப் போகுது. காலைல ரெண்டு கிளாஸ் மட்டும் உக்காந்து எடுத்துக்கறேனே?”

பள்ளியில் இருந்த ஒரே ஆண், அலுவலக கிளார்க், பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மனிதர் கையிலிருந்த ஸ்டாப்ளரைத் திறந்து, உள்ளே என்னதான் இருக்கிறது என்று தீவிரமாக ஆராய ஆரம்பித்துவிட்டார். சிஸ்டர் கழுத்துச் சிலுவையை ஒருமுறை தொட்டுக்கொண்டு, “உக்காந்தே எடு” என்றார்.

எங்கள் பள்ளியில் வகுப்பில் ஆசிரியைகள் உட்காரும் வழக்கம் கிடையாது. நாற்காலி இருக்கும், அதன்மேல் பையை வைப்போம். எனக்கு வந்தது எரிச்சல்தான். இரண்டு பிள்ளைகளையும் வயிற்றில் வைத்துக்கொண்டு நின்றே பாடம் எடுத்தவளுக்கு வேறென்ன வரும்? ஆனால் அடுத்த மாதம் பார்க்கிறேன், ஆங்கில டீச்சர் உட்கார்ந்திருக்கிறாள். அதற்கடுத்து கைத்தொழில் டீச்சர். ஒருநாள் நானும் பையை எடுத்துக் கீழே வைத்தேன். அதை யாரும் யாரிடமும் பேசிக்கொள்ளவில்லை.

அவளுக்கென்று ஒரு வசனம் உண்டு. கேட்டவர் முகம் சுளித்தாலோ, ‘போதும் தாயே’ என்று கையெடுத்தாலோ, கொஞ்சமும் கூச்சப்படாமல் சொல்வாள்: “கேட்டீங்கல்ல?” கோபம் இருக்காது. கடையில் கேட்ட சாமானை எடுத்துக் கொடுக்கிற தோரணைதான் இருக்கும்.

வயிற்றில் பிள்ளை இருந்த சமயம் ஒருநாள் மத்தியானம், எல்லோரும் டப்பாவைத் திறந்து வைத்திருக்கிறோம். தமிழம்மா, அதாவது எங்கள் தமிழாசிரியை, அவள் சோற்றைப் பிசைந்துகொண்டு சும்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்து வாய் தவறிக் கேட்டுவிட்டார். “என்னம்மா, நல்லாத்தானே இருக்க?”

“ரத்தம் கம்மியா இருக்குன்னு டாக்டர் இரும்புச் சத்து மாத்திரை குடுத்தாங்க டீச்சர். அதுலேருந்து வெளிக்குப் போனா கன்னங்கரேல்னு போகுது. மொதல்ல பயந்துட்டேன். மாத்திரையாலதான்னாங்க. அது ஒழுங்காப் போனாலும் தேவல...”

“சாப்பிடற எடத்துலயா?” என்று தமிழம்மா டப்பாவை மூடினார்.

“கேட்டீங்கல்ல?”

நாங்கள் சிரித்தோம். தமிழம்மா மட்டும் அன்றைக்குப் பட்டினி. ஆனால் அந்த வருஷம் தமிழம்மாவின் மகள் உண்டாகி, மாத்திரை சாப்பிட்டு, இதே மாதிரி பயந்துபோய் மாத்திரையைக் குப்பையில் போடப் போனபோது, தமிழம்மா போனில் கத்தியதை நானே கேட்டேன். “அது மாத்திரையாலதான்டி! எங்க ஸ்கூல்ல ஒருத்திக்கு இப்படித்தான். போடு, பேசாம முழுங்கு!”

இப்படி ஒரு பழக்கம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்திருக்கிறேன். ஒருநாள் அவளே சொன்னாள். பரீட்சைக் காவலுக்கு இரண்டு பேரும் ஒரே கூடத்தில் நின்றபோது, கேட்காமலேயே சொன்னாள்.

“எங்கம்மாவுக்குக் கர்ப்பப்பை எறங்கியிருந்துச்சு டீச்சர். கடைசித் தம்பி பொறந்ததுலேருந்து. வருஷக்கணக்கா யாருக்கும் சொல்லல. பழைய சேலையக் கிழிச்சு இறுக்கிக் கட்டிக்கிட்டுக் களை எடுக்கப் போவாங்க. யாராவது கேட்டா, நல்லா இருக்கேம்மான்னுதான் சொல்வாங்க. நான் காலேஜ் படிக்கறப்ப ஒருநாள் கொடில காயற துணியப் பாத்துட்டு, என்னம்மா இதுன்னு பிடிச்சு உலுக்கினதுக்கப்புறம்தான் சொன்னாங்க. ஆபரேஷன் பண்ணினோம். ஒரு வாரத்துல எழுந்து நடந்தாங்க. ஒரு வாரம் டீச்சர். இதுக்கா அத்தனை வருஷம்?”

கடைசி வரியைச் சொல்லும்போது குரல் உயர்ந்துவிட்டது. பரீட்சை எழுதிய பிள்ளைகள் தலை தூக்கிப் பார்த்தார்கள். நான் ‘உஷ்’ என்றேன். பிள்ளைகளைச் சொன்னேனா அவளைச் சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை.

மாத்திரைக் கதைக்கெல்லாம் முன்னால், முதல் முறை நாள் தள்ளிப்போனபோது, வீட்டில் சோதித்துப் பார்த்த அன்று காலையிலேயே அறைக்குள் நுழைந்து எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். தமிழம்மா பதறிப்போய் அவள் வாயைப் பொத்தப் போனார். மூன்று மாதம் முடியும்வரை வாயைத் திறக்கக் கூடாது, கண் பட்டுவிடும், நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இதுதானே பழக்கம்.

“மூணு மாசம் சொல்லாம இருந்து, நடுவுல போச்சுன்னா என்ன பண்றது டீச்சர்? யாருக்கும் தெரியாம அழணுமா?” என்றாள்.

“வாயைக் கழுவு!” என்றார் தமிழம்மா.

அவள் வாயைக் கழுவவில்லை. கரு நிற்கவுமில்லை. ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வந்து, எல்லோரும் நிற்கும்போது, “கலைஞ்சிடுச்சு” என்றாள். சொல்லிவிட்டு மேஜைமேல் தலையை வைத்து அழுதாள். அதான் அப்பவே சொன்னோம் என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். இருந்தாலும் ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்தாள், ஒருத்தி அவள் வகுப்பை எடுக்கப் போனாள், சிஸ்டரே வந்து பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினார். நான் என் இடத்திலேயே உட்கார்ந்து, சரியாக இருந்த ஒரு கணக்கை மறுபடி மறுபடி திருத்திக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்கு அவள்மேல் வந்தது பொறாமை. அதை இப்போது சொல்வதில் எனக்கு ஒன்றும் இல்லை.

அதன்பிறகு ஒன்று நடந்தது. பெண்கள் ஒவ்வொருவராக அவளிடம் போக ஆரம்பித்தார்கள். ஆசிரியைகள் அறையில் இல்லை. தண்ணீர்க் குழாயடியில், சைக்கிள் ஷெட் பக்கத்தில், மணி அடித்தபின் காலியான வகுப்பில். சிரித்தால் சிறுநீர் கசிகிறது என்று தமிழம்மா சொன்னாராம். உடம்பெல்லாம் திடீர் திடீரென்று பற்றி எரிகிறது என்று சிஸ்டரே சொன்னாராம். கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் ஒன்றுமில்லை, தைராய்டாக இருக்குமோ என்று கைத்தொழில் டீச்சர் அழுதாளாம். இதையெல்லாம் அவள் யாரிடமும் சொல்லவில்லை. தன் உடம்பைப் பற்றித்தான் அவளுக்கு வாய் நிற்காது, அடுத்தவர் உடம்பு விஷயத்தில் இரும்புப் பெட்டி. போனவர்களே பிற்பாடு சிரித்துக்கொண்டு என்னிடம் சொன்னது இது. அவளுக்கு வைத்தியம் ஒன்றும் தெரியாது. எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தாள்: “டாக்டர்கிட்டப் போவோம். நானும் வரேன்.” வரவும் செய்வாள். ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டிருப்பாள்.

நான் மட்டும் போகவில்லை. எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த முறை கரு நின்றது. அப்போதும் முதல் நாளே சொன்னாள். இந்தத் தடவை யாரும் அவள் வாயைப் பொத்த வரவில்லை. வாந்தி, நெஞ்செரிச்சல், கறிவேப்பிலை வாசனை பிடிக்காமல்போனது, குழந்தை உதைக்கும்போது விலாவில் எந்த இடத்தில் படுகிறது, எல்லாம் எங்களுக்கு அன்றன்றைக்கு வந்து சேர்ந்துவிடும். கேட்டுக் கேட்டு எங்களுக்கே வயிறு கனத்ததுபோல ஆகிவிட்டது. உண்மையைச் சொன்னால் சலித்தும் போய்விட்டது. ஒரு காலாண்டு முழுக்க ஒருத்தியின் நெஞ்செரிச்சலைக் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா?

வளைகாப்பு முடிந்த சில வாரத்தில் ஒரு காலை, பிரார்த்தனைக் கூட்டத்துக்கு வரிசையில் நிற்கும்போது சிஸ்டர் கேட்டார். அவள் சொன்னாள்.

“தலை வெடிக்கற மாதிரி வலிக்குது சிஸ்டர். கண்ணு முன்னால மினுக்மினுக்குனு பூச்சி பறக்குது. மோதிரம் வெரல்ல ஏறவே மாட்டேங்குது, பாருங்க.”

காட்டினாள். விரல்கள் உருண்டு திரண்டிருந்தன. சிஸ்டர் பாட்டைக்கூட முடிக்கவிடவில்லை. பள்ளி வேனை எடுக்கச் சொல்லி, தானே ஏறி உட்கார்ந்து, தில்லைநகரில் அவள் காட்டிக்கொண்டிருந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. சிறுநீரில் புரதமும் போயிருந்தது. கொஞ்சம் விட்டிருந்தால் வலிப்பு வந்து தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்தாகியிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னாராம். அன்றைக்கே ஆபரேஷன். மாதம் நிறையாத பெண் குழந்தை, கொஞ்ச நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்து பிழைத்து வந்தது.

“அவ வாய்தான் அவளைக் காப்பாத்துச்சு” என்று தமிழம்மா மறுநாள் அறையில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இனிமேல் இவளைப் பற்றிக் கவலையில்லை, என்ன வந்தாலும் ஊரைக் கூட்டிவிடுவாள் என்று நினைத்தேன்.

குழந்தை வீட்டுக்கு வந்து சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, குழந்தைக்குத் துண்டும் அவளுக்கு ஆப்பிளும் வாங்கிக்கொண்டு திருவானைக்காவல் போனேன். எனக்கு வீடு மன்னார்புரத்தில். முழங்கால் வலியோடு இரண்டு பஸ் மாறிப் போவது லேசில்லை. கோயிலுக்குப் பின்பக்கத் தெருவில் மாடி வீடு. குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால், அவள் தாய்வீட்டுக்குப் போகவில்லை, அம்மாவே மருங்காபுரியிலிருந்து வந்திருந்தார். களை எடுக்கும் கைகள் அந்த அம்மாவுக்கு. கதவைத் திறந்து, “வாங்க டீச்சர், வாங்க” என்று முகமெல்லாம் சிரித்தார். சத்திரம் பஸ் நிலையம் பக்கம் செல்போன் கடையில் வேலை பார்க்கும் அவள் கணவன் அப்போதுதான் கிளம்பிக்கொண்டிருந்தான். “புள்ள பொறந்ததுலேருந்து ரொம்ப அமைதியாயிட்டா டீச்சர். பொறுப்பு வந்துடுச்சு” என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனான்.

அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தலை வாரிப் பொட்டு வைத்து, பவுடர் போட்டு, சுத்தமாக. குழந்தை பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தது.

“நல்லா இருக்கியாம்மா?” என்றேன். கேட்டுவிட்டு, நீளமாக வரப்போகிறது என்று சேரை இழுத்து வசதியாக உட்கார்ந்துகொண்டேன்.

“நல்லா இருக்கேன் டீச்சர்” என்றாள். “நீங்க நல்லா இருக்கீங்களா?”

“நல்லா இருக்கேன்” என்றேன்.

பிறகு பள்ளியைப் பற்றிப் பேசினோம். காப்பி வந்தது. குழந்தை யார் ஜாடை என்று பேசினோம். குழந்தை எழுந்து அழுதது. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா வந்து தூக்கி அவள் மடியில் வைத்தார், அவள் பால் கொடுத்தாள். எல்லாம் சரியாகவே இருந்தது. இத்தனை சுருக்கமாக, இத்தனை இதமாக அவளோடு நான் பேசியதே இல்லை. மாடிப்படி இறங்கும்போது, ஒருவழியாக இவளும் நம்மைப்போல ஆகிவிட்டாள் என்று எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

பஸ்ஸில் உட்கார இடம் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. எங்கள் பங்குக்கோயிலுக்கு வரும் ஒரு அம்மா முன் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்து, “நல்லா இருக்கீங்களா டீச்சர்?” என்றார்.

“நல்லா இருக்கேங்க” என்றேன்.

சொன்ன அதே மூச்சில் முழங்காலில் ஒரு குத்து. பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் வாயிலிருந்து வந்த அந்தக் குரல் இருக்கிறதே, தட்டையாக, கதவை மெதுவாகச் சாத்துகிற மாதிரி, அதே குரலைத்தான் சற்றுமுன் அவளிடம் கேட்டுவிட்டு வந்திருக்கிறேன். குழந்தை அழுதபோது அவள் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது கண்முன் வந்தது. கண்டக்டர் “மாம்பழச்சாலை” என்று குரல் கொடுத்தார். இன்னும் ஆற்றுப் பாலம்கூட ஏறவில்லை. இறங்கிவிட்டேன். ஆட்டோ பிடித்துத் திரும்பிப் போனேன்.

“என்ன டீச்சர், எதையாச்சும் விட்டுட்டீங்களா?” என்றார் அவள் அம்மா.

“ஆமா” என்றேன்.

உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். அவள் நான் விட்டுப்போன அதே இடத்தில், அதே மாதிரி உட்கார்ந்திருந்தாள். நான் கொடுத்த ஆப்பிள் பை பக்கத்தில் பிரிக்காமல் கிடந்தது. என்ன கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை. மறுபடி ‘நல்லா இருக்கியா’ என்றால் மறுபடி அதே பதில்தான் வரும். அந்தக் கேள்வியின் லட்சணம் அப்படி. ஆகவே நான் கேட்கவில்லை. சொன்னேன்.

“எனக்கு முழங்கால் உயிர் போகுது. உங்க வீட்டு மாடிப்படில ரெண்டாவது தடவை ஏறினதுக்கு, நாளைக்குக் கோயிலுக்குப் போக முடியாது. அதுக்குமேல ஒண்ணு சொல்றேன் கேளு. என் பெரியவனுக்கும் சின்னவனுக்கும் நடுவுல ஒண்ணு இருந்துச்சு. நாலாவது மாசம் போச்சு. என் வீட்டுக்காரரத் தவிர யாருக்கும் தெரியாது. எங்கம்மாகிட்ட ஜுரம்னு சொன்னேன். அடுத்த வாரம் ஸ்கூலுக்கு வந்து நின்னுகிட்டு அல்ஜீப்ரா எடுத்தேன். வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு மாமியார் கல்லறைல கூடுதலா ஒரு மெழுகுவத்தி ஏத்துவேன். அது யாருக்குன்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. நீ கலைஞ்சிடுச்சுன்னு சத்தமாச் சொல்லி அழுதியே, அன்னிக்கு எனக்கு உன்மேல ஆத்திரமா வந்துச்சு. எனக்கு அது கெடைக்கலையேன்னு.”

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, அவளுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சின்னக் குரலில் பேசினாள்.

“இந்தப் புள்ள அழுதா, பக்கத்து வீட்டுல எதுவோ அழற மாதிரி இருக்கு டீச்சர். எனக்கு ஒண்ணுமே தோண மாட்டேங்குது. தூக்கமே வரல. சாப்பாடு மண்ணு மாதிரி இருக்கு. மாடிக்குத் துணி காயப் போடப் போக பயமா இருக்கு. அங்க கைப்பிடிச் சுவர் குட்டையா இருக்கு. என்னென்னமோ தோணுது. அதனால அம்மாவையே போகச் சொல்றேன்.”

“ஏம்மா சொல்லல? எல்லாத்தையும் சொல்ற ஆளு நீ.”

“எப்படி டீச்சர் சொல்றது? போனதுக்கு அழுதேன். இது வேணும்னு ஊரையே கேக்க வச்சேன். எல்லாரும் எனக்காக வேண்டிக்கிட்டீங்க. இப்ப வந்து, எனக்கு இது புடிக்கலன்னு சொன்னா? நான் மனுஷியா?”

கண்ணில் நீர் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மேஜையில் தலையை வைத்து ஊர் கேட்க அழுத பெண் அவள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என் வாயில் வந்தது அவளுடைய வார்த்தைதான்.

“டாக்டர்கிட்டப் போவோம். நானும் வரேன்.”

திங்கட்கிழமைவரை காத்திருக்க எனக்குத் தைரியமில்லை. பிரசவம் பார்த்த டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன், உடனே வரச் சொன்னார். ஆட்டோவில் குழந்தையோடு அவளும், நடுவில் நானும், அந்த ஓரத்தில் அவள் அம்மாவும். அம்மாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. “புள்ள பெத்த ஒடம்பு, அசதி இருக்கத்தான் செய்யும். இதுக்கெல்லாமா டாக்டரு?” என்று சொல்லிக்கொண்டே வந்தார். பாலத்தில் வண்டி நெரிசலில் நின்றது. கீழே காவிரியில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு முகத்தை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்.

“இவ பொறந்தப்ப நானும் கொஞ்ச நாளு கெணத்துப் பக்கமே போவமாட்டேன். தண்ணி சேந்த என் நாத்தனாரத்தான் அனுப்புவேன்.”

அவள் திரும்பித் தன் அம்மாவைப் பார்த்தாள். ஆட்டோ நகர்ந்தது. ஆஸ்பத்திரியில் இறங்கியதும் அந்த அம்மாவே முன்னால் போய் டோக்கன் வாங்கினார்.

டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டார். இது குணக்கேடு இல்லை, பிரசவத்துக்குப் பின் வருகிற நோய், குணமாகும், ஆனால் இவளைத் தனியாக விடக் கூடாது என்று அம்மாவிடம் அழுத்திச் சொன்னார். மனநல டாக்டர் ஒருவரிடம் அன்றைக்கே அனுப்பினார். மாத்திரை, பேச்சு, மறுபடி மாத்திரை. சட்டென்று ஒன்றும் சரியாகிவிடவில்லை. தமிழம்மா ஒருநாள், கைத்தொழில் டீச்சர் ஒருநாள் என்று முறைபோட்டுக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டு வந்தார்கள். சிஸ்டர் போய் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாராம். அவள் கணவன், பாவம், பெருமைப்பட்ட அமைதியை நினைத்து என்னிடம் அழுதான். மாடிக் கதவுக்குப் பூட்டு வாங்கிப் போட்டான்.

இதெல்லாம் பழைய கதை. பிற்பாடு அவள் கணவனுக்குத் திருப்பூரில் வேலை கிடைத்தபோது, அவளும் எங்கள் பள்ளியை விட்டுப் போய்விட்டாள். அந்தக் குழந்தை இப்போது தாயைவிட உயரம் என்று கேள்வி.

எனக்கு மறக்காமல் இருப்பது ஒரு போன்தான். அவள் மாத்திரை சாப்பிடத் தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருக்கும். நடுவில் எத்தனையோ முறை பேசியிருந்தேன். ‘ம்’, ‘ஆமா டீச்சர்’, ‘பரவால்ல டீச்சர்’, இதற்குமேல் வராது. அன்று பள்ளி முடிந்து, உடம்பெல்லாம் சாக்பீஸ் தூளோடு பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு கூப்பிட்டேன். கேட்பதற்கே பயமாக இருந்தது. கேட்டேன்.

“நல்லா இருக்கியாம்மா?”

லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

“இல்ல டீச்சர்” என்றாள். “ஒரு பக்கம் பால் கட்டிக்கிட்டு கல்லு மாதிரி இருக்கு. முடி கொத்துக்கொத்தாக் கொட்டுது. தையல் போட்ட எடம் அரிக்குது. மாத்திரை போட்டா வாயெல்லாம் காயுது, நாள் பூரா மந்தமா இருக்கு. மூலம் வேற. நேத்து புள்ள என்னப் பாத்து சிரிச்சுது, எனக்கு ஒண்ணும் தோணல. இன்னிக்குக் காலைலயும் சிரிச்சுது. கொஞ்சம் தோணுச்சு டீச்சர். ரொம்ப இல்ல. கொஞ்சம்.”

மன்னார்புரம் பஸ் வந்து நின்றது. உட்கார இடம்கூடத் தெரிந்தது. நான் ஏறவில்லை. போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். நான் சலித்துப்போய்விட்டேன் என்று அவள் நினைத்துவிட்டாள்போலிருக்கிறது.

“கேட்டீங்கல்ல?” என்றாள்.

“கேட்டேன்மா” என்றேன். “அப்புறம்? சொல்லு.”